தொய்ந்துபோன ஸ்பிரிங்: தோட்டத்து ஃபோர் வீலை வீட்டு வாசலில் பிரிக்கலாமா?

கடந்த 2025 அக்டோபர் 10-ஆம் தேதி பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தாக்கல் செய்த 2026 வரவு செலவுத் திட்டத்தில் பழைய வாகனங்களைப் பற்றி ஓர் அறிவிப்பு இருந்தது. 20 ஆண்டுகளைக் கடந்த காரைக் கைவிட்டு உள்நாட்டுத் தயாரிப்பான புதிய காரை வாங்குவோருக்கு 4,000 ரிங்கிட் வரை உதவி கிடைக்கும் என்பதே அது. நகரத்தில் பழைய சாகாவையும் கஞ்சிலையும் ஓட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு அது நல்ல செய்திதான்.

ஆனால் கேமரன் மலையின் ரிங்லெட், பிரிஞ்சாங், கம்போங் ராஜா பக்கம் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவருக்கும், செம்பனைத் தோட்டத்து மண் பாதையில் உரமூட்டை சுமக்கும் ஹைலக்சுக்கும் அந்த அறிவிப்பில் பதில் இல்லை. புரோட்டோனும் பெரோடுவாவும் இன்று பிக்கப் வண்டி விற்பதில்லை. மேட்டில் ஏறி, சேற்றில் இறங்கி, அரை டன் சரக்கோடு திரும்பி வரும் வண்டிக்கு ஈடாக ஒரு மைவியை வாங்கிப் பயனில்லை. ஆகவே பழைய வண்டி ஓடும், பழுது பார்க்கப்படும், அதுவும் பல வேளைகளில் வீட்டு வாசலிலேயே நடக்கும். கவலைப்பட வேண்டியது அந்த வாசலில் நடப்பதைப் பற்றித்தான்.

ஏன் வீட்டிலேயே?

முதல் காரணம் பணம். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஒரே இரவில் உயர்ந்தது. தகுதி பெற்ற டீசல் வாகன உரிமையாளர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் மாதம் 200 ரிங்கிட் உதவித் தொகையை அரசாங்கம் அறிவித்தது உண்மை. எனினும் தினமும் மேடேறும் வண்டிக்கு அந்தத் தொகை எண்ணெய்க்கே போய்விடும். பட்டறைக் கூலிக்கு என்று தனியாக எடுத்து வைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இரண்டாவது காரணம் தூரம். தோட்டத்தின் உள்ளே நிற்கும் வண்டியை நகரத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் விட்டால் ஒரு நாள் வேலை போய்விடும். சரக்கு சந்தைக்குப் போகாத நாள் சம்பாத்தியம் இல்லாத நாள்.

மூன்றாவது காரணம் பழக்கம். தோட்டப்புறத்தில் சைக்கிள் முதல் டிராக்டர் வரை சொந்தக் கையால் பழுது பார்த்துப் பழகிய தலைமுறைகள் உண்டு. அது குறையன்று, ஒரு கைத்திறன். ஆனால் எண்ணெய் மாற்றுவதும் பிரேக் கட்டை மாற்றுவதும் வேறு, ஸ்பிரிங் மாற்றுவது வேறு. ஸ்பிரிங் என்பது அழுத்தி அடக்கி வைக்கப்பட்ட விசை. அது தப்பினால் அதைத் தடுக்க மனிதக் கையால் முடியாது.

ஸ்பிரிங் தொய்ந்ததை அறிவது எப்படி?

கல்லிலும் வேரிலும் அடிவயிறு இடிக்காமல் இருக்கப் பலர் ஃபோர் வீலை ஒன்றரை, இரண்டு அங்குலம் உயர்த்தியிருப்பார்கள். நீளமான அல்லது கடினமான ஸ்பிரிங்குகளைப் போட்டே அந்த உயரம் கிடைக்கிறது. ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்ததாலும், துருப்பிடித்ததாலும், சேறு புகுந்து தகடுகள் தேய்ந்ததாலும் அந்த உயரம் மெல்லக் குறைந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. வண்டியைச் சமமான தரையில் சரக்கின்றி நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்தால் போதும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையே தெளிவான வித்தியாசம் தெரிந்தாலோ, புதிதாகப் போட்டபோது எடுத்த அளவைவிட நன்றாகக் குறைந்திருந்தாலோ ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது. சிறு பள்ளத்திலும் ரப்பர் தடுப்பில் 'டொக்' என்று இடிப்பது, பட்டை ஸ்பிரிங்கில் ஒரு தகடு வெடித்திருப்பது, தகடுகள் வளைவு இழந்து தட்டையாகக் கிடப்பது ஆகியவையும் அடையாளங்கள்.

இங்கே பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். வண்டி தாழ்ந்துவிட்டது என்று புதிய அப்சார்பர் வாங்கிப் போடுகிறார்கள். சாதாரண அப்சார்பர் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் ஆடும் ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. உயரம் குறைந்திருந்தால் குற்றவாளி ஸ்பிரிங். குதித்துக் குதித்து ஆடினால் குற்றவாளி அப்சார்பர்.

புதிய ஸ்பிரிங் வாங்கும்போதும் கவனம் தேவை. உயர்த்தும் ஸ்பிரிங்குகள் வண்டி எப்போதும் சுமக்கும் பாரத்தைக் கணக்கிட்டுத் தரம் பிரித்து விற்கப்படுகின்றன. வாரம் இரண்டு நாள் மட்டும் 300 கிலோ ஏற்றும் வண்டிக்கு நிரந்தரமாக 300 கிலோ சுமக்கும் ஸ்பிரிங்கைப் போட்டால், மற்ற நாட்களில் பின்பக்கம் துள்ளும். மழையில் நனைந்த மலைவளைவில் அந்தத் துள்ளல் வண்டியைச் சறுக்க வைக்கும். 'கனமாக இருந்தால் நல்லது' என்ற எண்ணம் இங்கே பொருந்தாது.

எந்த வகை வண்டி என்பதே கேள்வி

'வீட்டில் செய்யலாமா?' என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. 'எந்த வகை ஸ்பிரிங்?' என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

முதல் வகை, பட்டை ஸ்பிரிங். பழைய லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளுக்கு நான்கு மூலையிலும், பெரும்பாலான பிக்கப்களுக்குப் பின்புறமும் இதுவே. இரண்டாம் வகை, ஒரே உருட்டான அச்சின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும் சுருள் ஸ்பிரிங். லேண்ட் ரோவர் டிஃபெண்டர், சுசுகி ஜிம்னி போன்றவற்றில் இதைக் காணலாம். இந்த இரு வகையிலும் சேசிசைத் தாங்கி நிறுத்தி அச்சை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் தானாகத் தணிந்துவிடும். முறையான சாமான்களும் துணைக்கு ஓர் ஆளும் இருந்தால் பழகிய கைக்கு வீட்டிலேயே முடியும் வேலை இது.

மூன்றாம் வகைதான் ஆளைக் கொல்லக் கூடியது. 2005-க்குப் பின் வந்த தலைமுறை ஹைலக்ஸ், ட்ரைட்டன் போன்றவற்றின் முன்புறத்தில் சுருள் ஸ்பிரிங் அப்சார்பரைச் சுற்றி அழுத்தப்பட்டு, உச்சியில் ஒற்றை நட்டால் பூட்டப்பட்டிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றினாலும், வண்டியைத் தூக்கினாலும் அந்த அழுத்தம் போவதில்லை. நடு நட்டைத் திறந்த மறுகணம் அரை டன்னுக்கு மேற்பட்ட விசை முகத்துக்கு நேரே வெளியேறும்.

கம்பி கட்டுவது, ஜி-கிளாம்ப் மாட்டுவது, கேஸ் தீயால் ஸ்பிரிங்கைச் சூடாக்கி அடக்குவது என்று சொல்லப்படும் 'வழிகள்' எல்லாமே ஆபத்தானவை. தீ காட்டிய ஸ்பிரிங் அதன் உறுதியையும் இழந்துவிடும். மலிவான கை அழுத்தியும் சேற்றில் துருப்பிடித்த தடித்த ஸ்பிரிங்கில் நழுவக் கூடியதுதான்.

இதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது. மேலே சேசிசில் இருக்கும் சுற்று நட்டுகளையும் கீழ்ப் போல்ட்டையும் கழற்றி அந்த உறுப்பு முழுவதையும் ஒன்றாக வீட்டில் எடுக்கலாம், நடு நட்டைத் தொடவே கூடாது. அதை அப்படியே பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோனால் அவர்கள் பழைய ஸ்பிரிங்கை எடுத்துப் புதியதைப் பூட்டித் தருவார்கள். திரும்ப வந்து வண்டியில் மாட்டிக்கொள்ளலாம். கூலி மிச்சமாகும், உயிருக்கும் ஆபத்தில்லை.

வாசலில் செய்வோர் தவிர்க்கக் கூடாதவை

தரை சிமெண்டாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். புல்லிலும் செம்மண்ணிலும் ஜேக் சரியும். தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். பல வண்டிகளில் கை பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதால், பின்பக்கத்தைத் தூக்கியதும் அதனால் பலனில்லை. பழைய லேண்ட் ரோவரிலோ கை பிரேக் பின்னால் செல்லும் சுழல் தண்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரம் மட்டும் எழும்பினாலே வண்டி உருண்டுவிடலாம்.

சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொண்டு, பிறகு தூக்க வேண்டும். சேசிசின் இரு பக்கமும் எடைக்கேற்ற ஜேக் ஸ்டேண்ட் நிற்க வேண்டும். ஓட்டைச் செங்கல், மரத்துண்டு, பழைய ரிம் எதுவும் ஸ்டேண்டுக்கு ஈடாகாது. ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது. தனியாளாகவும் இறங்கக் கூடாது.

ஜேக் அச்சைத் தாங்கிக்கொண்டிருக்கும் போதுதான் அப்சார்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்ற வேண்டும். அச்சை இறக்கும்போது பிரேக் குழாயும் ஏபிஎஸ் கம்பியும் இழுபடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பது நல்லது. பிரேக் குழாயில் அச்சின் எடை விழுந்தால் அப்போது வெளியே தெரியாத விரிசல் பிறகு மலை இறக்கத்தில் தெரியவரும். அச்சு முழுவதும் இறங்கியும் ஸ்பிரிங் வெளியே வராவிட்டால், கடப்பாரையால் நெம்பாமல் வேலையை அங்கேயே நிறுத்திப் பட்டறையை நாடுவதே புத்திசாலித்தனம்.

ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பட்டை ஸ்பிரிங்கைப் பிடிக்கும் யு-போல்ட் ஒருமுறை முறுக்கப்பட்டால் நீண்டுவிடும் என்பதால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைத் தொங்கும் நிலையில் இறுக்காமல், வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகே கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது ரப்பர் சில மாதங்களிலேயே கிழிந்துவிடும். முதல் சில நாள் ஓட்டத்துக்குப் பின் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி சரிபார்ப்பதும் அவசியம்.

உயரம் மாறினால் பிரேக்கும் மாறும்

பழைய பிக்கப்கள் பலவற்றில் பின்னச்சோடு ஒரு சிறு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு உண்டு. பின்பக்கம் தாழ்ந்தால் சரக்கு ஏறியிருக்கிறது என்று அது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் தரும், உயர்ந்தால் குறைக்கும். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாவிட்டால், முழுச் சரக்கோடு இருக்கும்போதும் வண்டி காலி என்றே அந்த வால்வு நினைக்கும். பின் பிரேக் வலுவிழக்கும். தாப்பாவை நோக்கி இறங்கும் மலைச்சாலையில் அதன் விளைவு என்ன என்று விளக்க வேண்டியதில்லை. சக்கர அலைன்மெண்ட்டையும், எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் முன்விளக்கின் உயரத்தையும் கூடவே சரிபார்க்க வேண்டும்.

சட்டமும் உண்டு. பழைய உயரத்துக்கே புது ஸ்பிரிங் போடுவது பராமரிப்பு. வண்டியை மேலும் உயர்த்துவது மாற்றம். அத்தகைய மாற்றத்துக்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்வது நல்லது. விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும் நேரத்தில் இந்தக் கேள்வி எழுந்தால் குடும்பம்தான் தவிக்கும்.

யாரும் பார்க்காத வண்டிகள்

2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் எஃப்.ஆர்.யூ. வீரர்கள் 9 பேரும், ஜூன் 9-ஆம் தேதி கெரிக் அருகே உப்சி மாணவர்கள் 15 பேரும் சாலையில் மாண்ட பிறகு, லோரி, பேருந்துகளின் பராமரிப்பு பற்றி நாடே பேசியது. வர்த்தக வாகனங்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் கட்டாய ஆய்வு இருக்கிறது. தனியார் பெயரில் பதிவான பழைய ஃபோர் வீலுக்கோ வயதைக் காரணமாக வைத்து அப்படியொரு கட்டாயம் இல்லை. கை மாறாமல் ஒரே குடும்பத்தில் இருக்கும் வண்டி பல ஆண்டுகள் எந்த ஆய்வாளரின் கண்ணிலும் படாமலே ஓடலாம். ஆகவே அதன் ஸ்பிரிங்கைக் கவனிக்கும் ஒரே ஆய்வாளர் அதன் உரிமையாளர்தான்.

கட்டாய ஆய்வைக் கொண்டுவந்தால் மட்டும் இது தீராது. வண்டியை ஓரங்கட்ட வைத்துவிட்டு மாற்று வண்டிக்கு வழி காட்டாவிட்டால் அடிபடுவது சிறு விவசாயியும் தோட்டக் குத்தகையாளரும்தான். கைவிடும் வாகனங்களுக்கான உதவி பிக்கப் வண்டிகளையும் எட்ட வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

சமூகத்தின் கையில் இருப்பதும் கொஞ்சமல்ல. ஒரு நல்ல ஜேக், நான்கு ஸ்டேண்ட், ஒரு டார்க் ஸ்பானர் ஆகியவற்றை ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டியதில்லை. தோட்டத்துக் கூட்டுறவோ இளைஞர் மன்றமோ ஒரு செட் வாங்கி வைத்தால் பத்து வீட்டுக்குப் பயன்படும். கியாட்மாராவிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் வாகனத் தொழில் படித்த நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு அவர்களில் ஒருவர் வந்து சொல்லிக்கொடுத்தால், அப்பா பார்த்துப் பழகிய வேலையை மகன் முறையாகக் கற்றுக்கொள்வான்.

ஒரு ஜோடி ஸ்பிரிங்கை இன்று வாங்க முடியாவிட்டால் அடுத்த மாதம் வாங்கலாம். அதுவரை சரக்கைக் குறைத்து ஏற்றி, மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாம். நடு நட்டில் ஸ்பானரை வைத்த கை போய்விட்டால் அதைத் திரும்ப வாங்க எந்தக் கடையும் இல்லை.