‘ரெஸ்ட் எடும்மா’ என்று சொன்னால் போதுமா?

குறைமாதத்தில் குழந்தை பிறந்தால் முதல் குற்றவாளி தாய்தான். “எட்டாம் மாசத்திலும் களை எடுக்கப் போனாளே, சொன்ன பேச்சைக் கேட்டாளா?” என்கிறார்கள். ஏன் போனாள் என்று யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2024இல் வெளிவந்தது. வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறக்கும் ஆபத்தும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த கட்டுரையோ, வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் குறைப்பிரசவ வாய்ப்பு சுமார் 5 சதவீதம் கூடுவதாகச் சொல்கிறது.

வெயில் எல்லோருக்கும் பொதுதானே என்பார்கள். நிலம் வைத்திருப்பவர் வீட்டு மருமகளும், அந்த நிலத்தில் கூலிக்கு நடவு நடும் சேரிப் பெண்ணும் ஒரே வெயிலிலா கர்ப்பத்தைச் சுமக்கிறார்கள்? சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. முன்பணம் வாங்கிய குடும்பத்தில் இரண்டு கை குறைந்தால் கடன் நீளும். ஒதுங்க மறைவிடம் இல்லாததால் தாகத்தை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். இவர்களிடம் கூலி இல்லாமல் ஓய்வெடு என்பது பட்டினி கிட என்பதுதான்.

அரசுப் பணியில் இருக்கும் பெண்ணுக்கு 2021 முதல் 12 மாதம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு. அது நியாயமே. மத்தியச் சட்டம் 2017 திருத்தத்தில் 26 வாரம் தந்தது. அதுவும் நிறுவனத்தில் பதிவேறிய பெண்ணுக்கு. இன்று ஒரு வயல், நாளை வேறொரு வயல் என்று போகிறவர் விடுப்பு விண்ணப்பத்தை யாரிடம் கொடுப்பார்? ‘முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் தருகிறோமே’ என்பது அரசின் பதில். ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்துத் தவணை தவணையாக வரும் அந்த உதவி, இழந்த கூலிக்கு ஈடாகாது.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். தாய்க்குப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அந்தச் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்றார். அன்று பேசப்பட்டது ஆலைத் தொழிலாளிக்காக. நூறாண்டு நெருங்கியும் வயல் கூலிக்கு அந்த ஓய்வு வரவில்லை.

தோழர்களே, மே 1 கிராம சபை நடப்பது கத்திரி வெயில் தொடங்கவிருக்கும் நேரத்தில். ஏழாம் மாதத்திலிருந்து குறைந்தபட்சக் கூலியை அரசே தர வேண்டும், வேலையிடத்தில் நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் கட்டாயம் என்று தீர்மானம் எழுதிக்கொண்டு போங்கள். நம் ஊர்ப் பெண்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றும்வரை எழுந்து வராதீர்கள்.

ஜெய் பீம்!