மாத்தளையிலிருந்து தேசியக் களத்திற்கு எவ்வளவு தூரம்?

பாடசாலைகளுக்கிடையிலான தேசிய மட்டக் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி நெருங்கும் காலங்களில், இம்முறை கிண்ணம் எந்தக் கல்லூரிக்கு என்ற வாதம் சூடு பிடிப்பது வழமை. கொழும்பிலும் கண்டியிலும் அந்த வாதத்திற்கு அர்த்தம் உண்டு. மாத்தளை மாவட்டத்தைப் பொறுத்தவரை, அதிலும் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளைப் பொறுத்தவரை, அதற்கு முன்னதாகவே கேட்கப்பட வேண்டிய கேள்வியொன்று இருக்கின்றது. எமது பிள்ளைகள் அந்தக் களம் வரை சென்றடைவதற்கான பாதை உண்மையில் திறந்திருக்கின்றதா?

மத்திய மாகாணத்தில் 15 கல்வி வலயங்கள் உள்ளன. அவற்றுள் மாத்தளை, கலேவெல, நாவுல, வில்கமுவ ஆகிய நான்கும் இம்மாவட்டத்திற்கு உரியவை. வலய மட்டத்தில் வெற்றி பெறும் அணி மாகாண மட்டத்தில் ஆட வேண்டும்; அங்கு பிரகாசித்தாலே தேசிய மட்டம். மாகாண மட்டத்தில் காத்திருப்பவையோ கண்டி நகரின் பெரும் கல்லூரிகள். திருத்துவக் கல்லூரி, கிங்ஸ்வூட், தர்மராஜ போன்றவற்றுக்கு நூற்றாண்டைக் கடந்த விளையாட்டுப் பாரம்பரியமும், கேட்டால் கொடுக்கக்கூடிய பழைய மாணவர் சங்கங்களும் இருக்கின்றன. றத்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டப் பாடசாலையின் பழைய மாணவர்கள் யார்? பெரும்பாலும் இன்றும் கொழுந்து பறிப்பவர்களும், கொழும்பில் கடைச் சிப்பந்திகளாக இருப்பவர்களுமே. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்ட மக்களில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவானோரே தமிழரும் முஸ்லிம்களும். எண்ணிக்கையில் சிறிய, வசதியில் அதனினும் சிறிய இந்தப் பகுதியினரின் நிலை இத்தகைய விவாதங்களில் பேசப்படுவதே இல்லை.

அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்தாட்டத்திலும் ஆண்டுதோறும் மார்ச் மாதம் நெருங்குகையில் இதையொத்த சர்ச்சையொன்று எழுவதை அவதானிக்கலாம். 1939 இல் 8 அணிகளுடன் ஆரம்பமான அவர்களது தேசிய சுற்றுப்போட்டி 2025 ஆகும்போது 68 அணிகள் பங்குபற்றும் பெருவிழாவாக வளர்ந்திருந்தது. 2025 இல் அவற்றுள் 31 இடங்கள், பிராந்திய லீக் ஒவ்வொன்றினதும் வெற்றியாளருக்கு எவர் தயவுமின்றிக் கிடைத்தவை. எஞ்சிய 37 இடங்களுக்கு ஒரு குழு அணிகளைத் தெரிவு செய்தது. சர்ச்சை முழுவதும் இந்த 37 ஐப் பற்றியதுதான்.

ஆனால் எமது கவனத்திற்குரியது அந்த 31 ஆகும். எவ்வளவு பலவீனமான லீக்காக இருந்தாலும் அதன் வெற்றியாளருக்குக் கதவு திறக்கும் என்ற விதி இருந்தமையாலேயே, 2018 இல் மேரிலாண்ட் மாநிலத்தின் பால்டிமோர் பிரதேசப் பல்கலைக்கழகமொன்று, முதல்தர அணியாக நிரல்படுத்தப்பட்டிருந்த வேர்ஜினியாவை 74-54 என்ற புள்ளிகளில் வீழ்த்தியது. 2022 இல் ஜேர்சி நகரின் சென் பீற்றர்ஸ் என்ற சிறிய கல்லூரி, கென்டக்கி போன்ற ஜாம்பவான்களைத் தோற்கடித்துக் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றானது. தெரிவுக்குழுவொன்றின் மேசையில் இவ்விரு பெயர்களும் ஒருபோதும் தேறியிருக்க மாட்டா.

அங்கும் நிலைமை மாறிவருகின்றது என்பதை மறைப்பதற்கில்லை. 2025 சுற்றுப்போட்டியில் ஒரே லீக்கிலிருந்து 14 அணிகள் நுழைந்தன. கடைசிப் பதினாறுக்குள் வந்தவை அனைத்தும் நான்கு பணக்கார லீக்குகளைச் சேர்ந்தவை. சிறிய கல்லூரியில் ஓரிரு ஆண்டுகள் மிளிரும் வீரரைப் பெரிய கல்லூரி பணம் கொடுத்து அழைத்துக்கொள்கின்றது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகக் கொடுப்பனவு வழங்கவும் வழி பிறந்துவிட்டது.

எமது நாட்டில் பணம் அவ்வளவு இல்லை. எனினும் பழக்கம் ஒன்றேதான். மாகாணப் பாடசாலையொன்றில் உயரமும் வேகமும் உள்ள ஒரு பையன் தென்பட்டால், புலமைப்பரிசிலும் விடுதி வசதியும் தந்து அவனைத் தலைநகரத்துக் கல்லூரி அழைத்துச் செல்வதை யாவரும் அறிவர். அந்தப் பையனையோ பெற்றோரையோ குறைகூற நாம் முன்வரவில்லை. கிடைத்த வாய்ப்பை ஏழை வீடு எப்படி மறுக்கும்? ஆனால் அவனைக் கண்டுபிடித்து, மாலை நேரங்களில் சொந்தச் செலவில் தேநீர் வாங்கிக் கொடுத்துப் பயிற்றுவித்த ஆசிரியரின் அணி அடுத்த ஆண்டு வலய மட்டத்திலேயே தோற்றுப்போகின்றது. பிறகு அந்தப் பாடசாலையில் பந்து அலுமாரிக்குள் போய்விடுகின்றது.

பெரிய வளம் இல்லாத இடத்தில் இந்த விளையாட்டு வளர முடியாது என்பாருக்கு மட்டக்களப்பை நினைவூட்ட விரும்புகின்றோம். அமெரிக்காவின் லூசியானாவில் 1923 இல் பிறந்து, 1948 இல் இலங்கைக்கு வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளார், புனித மிக்கேல் கல்லூரி மாணவரைக் கூடைப்பந்தாட்டத்தில் தேசிய வெற்றிகளுக்கு இட்டுச் சென்றவர். கொழும்புக் கல்லூரிகளிடம் இருந்த வசதி எதுவும் அந்த வாவிக்கரை நகரிடம் இருக்கவில்லை. இருந்ததெல்லாம் ஒரு தளம், ஆண்டுக்காண்டு விலகாமல் நின்ற ஒரு பயிற்றுநர், தம்மால் முடியும் என்று நம்பிய பிள்ளைகள். கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பெருந்துயரைச் சந்தித்த 1990 ஆகஸ்ட் மாதத்தில், 15 ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்ட அடிகளாரும் உடன் சென்ற இளைஞரும் காணாமற்போயினர். இன்றுவரை தகவல் இல்லை. ஆயினும் அவர் ஊன்றிய விளையாட்டு அந்த நகரில் மடிந்துவிடவில்லை.

மாத்தளையில் அப்படியொரு தொடர்ச்சி ஏன் அமையவில்லை என்று ஆராய்ந்தால், முதலில் வந்து நிற்பது நாட்காட்டி. க.பொ.த. பரீட்சைகள் 2020 இன் பின்னர் தமது பழைய மாதங்களை இழந்துவிட்டன. 2021 இற்குரிய சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதத்திலும், 2023 இற்குரிய உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியிலும் நடந்தன. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் தாக்கியபோது, மாத்தளை மாவட்டத்தின் கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றரைத் தாண்டிய மழை கொட்டியது; இடைநிறுத்தப்பட்ட உயர்தரப் பரீட்சை 2026 ஜனவரியிலேயே மீண்டும் ஆரம்பமானது. பரீட்சை எப்போது என்று உறுதியில்லாத பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவது இயல்பே.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு இதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. ரமழான் நோன்பு காலத்தில் அவற்றுக்கு விடுமுறை வழங்கப்படுவதும், அதற்கெனத் தனித் தவணை அட்டவணை வெளியிடப்படுவதும் நெடுங்கால ஏற்பாடுகள். ஆனால் விளையாட்டுப் போட்டிகளின் அட்டவணை ஒன்றே ஒன்றுதான். பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறுகியது என்பதால், 2026 இல் பெப்ரவரி மூன்றாம் வாரத்தில் ஆரம்பித்த நோன்பு, 2030 இல் ஜனவரித் தொடக்கத்திற்கு வந்து, அதே ஆண்டு டிசம்பரில் மறுமுறையும் வரும். அதாவது இந்தப் பத்தாண்டின் எஞ்சிய பகுதி முழுவதும் நோன்பும் முதலாந் தவணையும் ஒன்றையொன்று உரசியே செல்லும். நாள் குறிப்பதற்கு முன்னர் ஒரு நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தால் தீரக்கூடிய சிக்கல் இது. மாத்தளை ஸாஹிராவோ ஆமினா மகளிர் பாடசாலையோ சலுகை கேட்க வேண்டிய தேவையே எழாது.

மாணவியரின் உடை பற்றியும் சொல்லியாக வேண்டும். தலையை மறைத்து ஆடுவதைச் சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 2014 இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டு விழாவில் ஹிஜாபைக் களையுமாறு கேட்கப்பட்ட கட்டார் மகளிர் அணி, ஆடாமலேயே வெளியேறியது. சம்மேளனம் 2017 மே மாதத்தில் விதியைத் திருத்தி, அவ்வாண்டு ஒக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆகவே விதிப்புத்தகத்தில் தடை இல்லை. மகளை மைதானத்திற்கு அனுப்ப மறுக்கும் தந்தைக்கும், பழைய விதியையே மனதில் வைத்திருக்கும் நடுவருக்கும் இதனைத் தெளிவான தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தில் அறிவித்தால் பாதி தயக்கம் நீங்கிவிடும். மறுபாதி எமது ஊர்களுக்குள், எமது வீடுகளுக்குள் பேசித் தீர்க்கப்பட வேண்டியது. அதற்கு அரசாங்கத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

தளம் இல்லை என்ற காரணம் அடிக்கடி கூறப்படுகின்றது. தோட்டப் பாடசாலைகள் பல, தோட்ட நிர்வாகங்கள் ஒதுக்கிய மலைச்சரிவுத் துண்டுகளில் எழுந்தவை என்பதால் அதில் உண்மை உண்டு. ஆயினும் வலைப்பந்தாட்டத் தளம் 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் கொண்டது. கூடைப்பந்தாட்டத் தளமோ 28 இற்கு 15. இரண்டிலும் வளையத்தின் உயரம் 3.05 மீற்றர். வலைப்பந்தாட்டத் தளமுள்ள பாடசாலைக்குத் தேவைப்படுவது பலகை பொருத்திய இரு கம்பங்களும் உறுதியான தரையும் மட்டுமே. அதற்கும் இடமில்லையெனில், அணிக்கு மூவர் வீதம் ஒரே வளையத்தில் ஆடும் போட்டி இருக்கின்றது; 15 இற்கு 11 மீற்றர் போதுமானது. 2022 இல் பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் இலங்கை அணிகள் ஆடியது இந்த வடிவத்தில்தான்.

இவை அனைத்தையும் வெறும் விளையாட்டு விவகாரமாக ஒதுக்கிவிட முடியாது. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ள 5 வீதத்தில் மாத்தளைக்குப் பங்கில்லை. மேட்டுநிலத் தோட்டத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே மாவட்டக் கோட்டாவிலேயே போட்டியிடுகின்றனர். உயர்தரத்தில் தேவையான தகைமையைப் பெற்று, விளையாட்டில் தேசிய மட்டத்தில் பிரகாசித்தோருக்கான விசேட அனுமதி மிகச் சிறிய வழிதான். ஆயினும் அது ஒரு வழி. தேசியக் களத்தை எட்டாத பிள்ளைக்கு அதுவும் மூடப்பட்டுவிடுகின்றது.

இந்துக் கல்லூரி, பாக்கியம், ஸாஹிரா, ஆமினா ஆகியவை ஒரே மாத்தளை நகரில் இருக்கும் நிறுவனங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே பயிற்றுநருக்காகக் காத்திருப்பதைக் காட்டிலும், சம்பளம் பகிர்ந்து ஒருவரை நியமித்து, வார இறுதியில் எல்கடுவ, றத்தோட்டைப் பகுதிப் பிள்ளைகளையும் அதே தளத்திற்கு அழைக்கலாம். அதற்கு முன்வரும் அதிபர்கள் இருப்பின், பஸ் கட்டணத்தை ஏற்க மாத்தளை வர்த்தகர்கள் தயங்கமாட்டார்கள் என நாம் நம்புகின்றோம். மாகாணக் கல்வித் திணைக்களம் அடுத்த ஆண்டுக்கான போட்டி அட்டவணையைத் தயாரிக்க முன்னர் இவர்களை ஒரு தடவை அழைத்துப் பேசட்டும். நோன்புத் திகதிகளையும் பரீட்சைத் திகதிகளையும் அவர்களே கையோடு கொண்டு செல்வர்.