ஓடுறவருக்கு மூளை இல்லையா?

எம்.சி.ஜி.ன்னா நமக்கு பாக்ஸிங் டே டெஸ்ட். என்.எஃப்.எல். தன்னுடைய சீசன் ஆட்டம் ஒன்றை முதன்முதலா ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரத் தேர்ந்தெடுத்ததும் அதே மைதானம்தான். வருஷம் 2026, அணி லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். திங்கட்கிழமை விடிகாலையில் அமெரிக்க ஆட்டத்தைப் போனில் பார்த்துட்டு ஸ்கூலுக்குக் கிளம்புற பிள்ளைகள் நம்ம வீடுகளிலும் உண்டு. அவங்க பேச்சில் ஒரு சண்டை ஓயாமல் வரும்: குவார்ட்டர்பேக் நின்னு எறியணுமா, ஓடணுமா?

புதுசா கேக்கிறவங்களுக்காகச் சொல்றேன். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வரும். எதிரணி பாய்ந்து வரும். இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று அவர் முடிவு செய்யணும். அவருக்கு முன்னால் ஐந்து பெரிய ஆட்கள் சுவர் மாதிரி நின்று தடுப்பார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் கிடைக்கிற சின்ன இடம்தான் பாக்கெட். அங்கேயே நிதானமா நின்று எறிபவர் பாக்கெட் பாஸர். தேவைப்பட்டால் பந்தோடு தானே ஓடுபவர் மொபைல் குவார்ட்டர்பேக்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு. டாம் பிரேடி ஓட்டத்தில் ரொம்ப மந்தம். 2000-ம் ஆண்டுத் தேர்வில் 199-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். பாக்கெட்டில் நின்றே ஏழு சூப்பர் போல் ஜெயித்தார். ஓடுறவர்களுக்கு அடி அதிகம். ராபர்ட் கிரிஃபின் 2012-ல் சிறந்த புதுமுகம் என்று பெயர் வாங்கினார். 2013 ஜனவரியில் முழங்கால் போனது, அதன் பிறகு பழைய வேகம் திரும்பவே இல்லை.

ஆனா இந்தச் சண்டைக்குள்ளே ரொம்ப காலமா இன்னொன்று ஒளிந்திருந்தது. நின்று எறிவது மூளை வேலை, ஓடுவது உடம்பு வேலை; மூளை வேலை வெள்ளைக்காரருக்கு, உடம்பு வேலை கறுப்பருக்கு என்ற நினைப்பு அது. வாரன் மூன் அருமையா எறிவார். 1978-ல் ரோஸ் போலின் சிறந்த வீரரும் அவர்தான். அந்த ஆண்டுத் தேர்வில் ஒரு என்.எஃப்.எல். அணிகூட அவரை எடுக்கலை. கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணியோடு தொடர்ந்து ஐந்து கோப்பை வாங்கின பிறகுதான் கதவு திறந்தது.

நாற்பது வருஷம் கழித்து லமார் ஜாக்சன். இவரைக் குவார்ட்டர்பேக்காக இல்லாமல் ரிசீவராக ஆடச் சொல்லணும் என்று மூத்த நிர்வாகி பில் போலியன் வெளிப்படையாகவே சொன்னார். 2018 தேர்வில் முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-வதாக லமாரை எடுத்தார்கள். அடுத்த ஆண்டே 1,206 கஜம் ஓடினார். குவார்ட்டர்பேக்குகளில் அது சாதனை. அதே சீசனில் எல்லாரையும்விட அதிகமா 36 டச்டவுன் எறிந்ததும் அவர்தான். தான் சொன்னது தப்பு என்று போலியனும் ஒத்துக்கொண்டார்.

ஓடுறதும் வெறும் கால் வேலை இல்லை. பந்தைப் பக்கத்து ஆட்டக்காரரிடம் நீட்டும்போதே எதிரணியில் ஒருத்தரை மட்டும் குவார்ட்டர்பேக் கவனிப்பார். அவர் அந்தப் பக்கம் பாய்ந்தால் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவார், இல்லையென்றால் கொடுத்துவிடுவார். கண் இமைக்கும் நேரத்தில் எடுக்கிற முடிவு அது.

இதில் நம்ம சிட்னிக்கும் பங்கு உண்டு. பாங்ஸ்டவுனில் சமோவா குடும்பத்தில் பிறந்த ஜோர்டன் மைலாட்டா ரக்பி லீக் ஆடி வளர்ந்தவர். உயரம் ஆறடி எட்டு அங்குலம். 2018-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரை எடுத்தபோது வயது 21. அமெரிக்க ஃபுட்பால் ஒரு மேட்ச்கூட ஆடினதில்லை. முழு விளையாட்டையும் ஆனா ஆவன்னாவிலிருந்து படித்தார். இன்று அந்தச் சுவரின் இடது ஓரம் அவருடையது. வலது கையால் எறிகிறவருக்கு அதுதான் முதுகுப் பக்கம். 2025 பிப்ரவரி சூப்பர் போலில் அந்தச் சுவருக்குப் பின்னால் நின்று ஜேலன் ஹர்ட்ஸ் 221 கஜம் எறிந்தார், 72 கஜம் ஓடினார். ஈகிள்ஸ் 40-22 என்று ஜெயித்தது, சிறந்த வீரர் விருதும் ஹர்ட்ஸுக்குத்தான்.

நம்ம வீட்டு விசேஷங்களில் கேக்கிற பேச்சை இதோடு வைத்துப் பாருங்க. "அந்த ஐலண்டர் பிள்ளைங்களுக்கு உடம்பு இருக்கு, படிப்புதான் வராது." "நம்ம பையன் மேத்ஸ்ல கெட்டி, விளையாட்டெல்லாம் அவனுக்கு எதுக்கு?" இரண்டும் ஒரே கோடுதான். முதல் பேச்சு மைலாட்டா மாதிரிப் பிள்ளைகளைக் குறைக்குது, இரண்டாவது நம்ம பிள்ளைகளையே குறைக்குது. சனிக்கிழமை காலையில் செலக்டிவ் ஸ்கூல் கோச்சிங்கா, ஃபூட்டி பயிற்சியா என்று முடிவு செய்யும்போது நேரம், செலவு, பிள்ளையோட ஆசை எல்லாவற்றையும் கணக்குப் போடுங்க. "நம்ம ஆளுங்களுக்கு அது வராது" என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீங்க.