பாத்தூர் பெயர்ப்பலகை நமக்கும் சொல்லும் பாடம்

மராட்டிய மாநிலம் அகோலா மாவட்டத்தில் பாத்தூர் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அதன் நகராட்சிக் கட்டடப் பெயர்ப்பலகையில் மேலே மராத்தி, கீழே உருது. 1956 முதலே அங்கு உருதுவும் புழக்கத்தில் உள்ளது. இந்த ஒரு வரி உருதுவை அழிக்க வேண்டும் என்று நகராட்சியின் முன்னாள் உறுப்பினர் ஒருவர் தொடுத்த வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை போனது.

முதலில் நகராட்சி மன்றமே 2020 பிப்ரவரியில் அவரது கோரிக்கையைப் பெரும்பான்மையுடன் நிராகரித்தது. அவர் மாவட்ட ஆட்சியரிடம் போனார். அங்கே அவருக்குச் சாதகமாக உத்தரவு கிடைத்தது. கோட்ட ஆணையர் அதை ரத்து செய்தார். ஆணையரின் முடிவே சரி என்றது மும்பை உயர் நீதிமன்றம். இதற்கிடையே, உள்ளாட்சி அமைப்புகளின் அலுவல் மொழி மராத்தி என்று 2022இல் மாநிலச் சட்டம் ஒன்று வந்தது. அதைக் காட்டியும் வாதாடிப் பார்த்தார்கள். இறுதியாக 2025 ஏப்ரல் 15 அன்று நீதிபதிகள் சுதான்ஷு தூலியா, கே. வினோத் சந்திரன் அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது.

தீர்ப்பின் சாரம் எளிமையானது. அலுவல் மொழி மராத்தி என்பதற்கு, வேறு மொழியைச் சேர்த்து எழுதக் கூடாது என்று பொருளில்லை. நகராட்சி உள்ளூர் மக்களுக்குச் சேவை செய்வதற்காக இருக்கிறது. அந்த மக்களில் ஒரு பகுதியினருக்கு உருது தெரியுமென்றால், பலகையில் அது இருப்பதில் என்ன குற்றம்? மேலும், மொழி மதத்தின் சொத்து அல்ல, மக்களின், வட்டாரத்தின் சொத்து என்றும், உருது இந்த மண்ணிலேயே பிறந்த இந்திய மொழி என்றும் நீதிபதிகள் விளக்கினார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, எதிர்ப்பு எழுத்துக்கு வந்ததா, அதைப் படிக்கும் மனிதர்களுக்கு வந்ததா என்பதே. ஒரு ஊரின் பலகையில் எந்தெந்த மொழிகள் உள்ளன என்று பார்த்தால் அங்கே யாரெல்லாம் வாழ்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். பலகையிலிருந்து ஒரு மொழியை அழிப்பது, 'நீங்கள் இந்த ஊர்க்காரர்கள் அல்ல' என்று சொல்வதற்குச் சமம். பாத்தூர் நகராட்சி அப்படிச் சொல்ல மறுத்தது. ஆறுதலான செய்தி இதுதான்.

உருது என்றால் முஸ்லிம்கள், முஸ்லிம்கள் என்றால் உருது என்ற கணக்கும் தவறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் முஸ்லிம்கள் சுமார் 17.2 கோடி. உருதுவைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் சுமார் 5 கோடி. அத்தனை பேரும் முஸ்லிம்கள் என்றே வைத்துக்கொண்டாலும், மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. மறுபுறம், பிரேம்சந்தும் ஃபிராக் கோரக்பூரியும் உருது இலக்கியத்தின் பெரும் பெயர்கள், இருவரும் இந்துக்கள்.

இதைத் தமிழ் முஸ்லிம்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் பாட்டிமார் தாலாட்டியது தமிழில்தான். அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத்தமிழ் வளர்த்தவர்கள் நம் முன்னோர். ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் உருது பேசுகிறார்கள்; அவர்களும் இந்த மண்ணின் மக்களே. தாசில்தார், வக்கீல், ஜாமீன், ஜப்தி, ரசீது என்று தினமும் பேசும் தமிழர் யாரும் உருது, பாரசீக வழியில் வந்த சொற்கள் என்று அவற்றை ஒதுக்குவதில்லை.

ஆனால் நீதிமன்றம் சொன்னதை மற்றவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நான் வீட்டில் தமிழும் மதரஸாவில் உருதுவும் படித்து வளர்ந்தவன். 'உருது தெரியாதவரெல்லாம் என்ன முஸ்லிம்' என்ற ஏளனத்தையும் கேட்டிருக்கிறேன். 'அவர்கள் உருதுக்காரர்கள், நம்மவர்கள் இல்லை' என்ற பேச்சையும் கேட்டிருக்கிறேன். பாத்தூரில் மனுப் போட்டவரின் மனநிலைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

நம் பள்ளிவாசல்களைப் பாருங்கள். இன்று ஜும்ஆவில் பீகார், வங்காளத் தொழிலாளர்கள் பின் வரிசைகளில் நிற்கிறார்கள். தொழுகை நேரமும் ஒளூ செய்யும் இடமும் ஜனாஸா அறிவிப்பும் தமிழில் மட்டுமே இருக்கின்றன. எங்கள் மஹல்லாவில் ஒரு இளைஞர், செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் வாசலிலேயே தயங்கி நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. தமிழுக்குக் கீழே இந்தியிலோ வங்காளத்திலோ ஒரு வரி எழுத என்ன செலவாகிவிடும்? தமிழ்நாட்டுக் கடைப் பலகைகளுக்கான அரசு விதியே தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்ற அளவில் இடம் தருகிறது. தமிழுக்கு முதலிடம் தருவதும் மற்றவருக்கு இடம் தருவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளில் ஒன்றாகக் கூறுகிறான் (30:22). ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்துக்கு விளங்க வேண்டும் என்பதற்காக அவர்களது மொழியிலேயே அனுப்பப்பட்டார்கள் என்றும் கூறுகிறான் (14:4). விளங்க வைப்பதுதான் நோக்கம். பலகையின் நோக்கமும் அதுவே.

அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதைப் பேசுவோம். பாத்தூரில் நமக்காக நாம் எதிர்பார்த்த நியாயத்தை, நம் வாசலில் நிற்கும் வெளியூர்ச் சகோதரனுக்கு முதலில் நாமே கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.