கம்பம் எங்கே?

முதலில் கம்பத்தைக் கடந்தவன்! குதிரைப் பந்தயத் திடலிலே பிறந்த சொல் இது. 'ஃபர்ஸ்ட் பாஸ்ட் த போஸ்ட்' என்பர் ஆங்கிலத்திலே. ஓட்டம் முடியும் இடத்திலே ஒரு கம்பம் நட்டிருக்கும். எந்தக் குதிரையின் மூக்கு அதை முதலில் தாண்டுகிறதோ, அந்தக் குதிரைக்கே வெற்றி. மூக்களவு முந்தினாலும் வெற்றி. முப்பது முழம் முந்தினாலும் வெற்றிதான்.

திடலிலே பிறந்த சொல், தேர்தலிலே குடியேறிவிட்டது. தொகுதியிலே அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்று பிரிட்டனிலும் இந்தியாவிலும் உள்ள முறைக்கு இதுதான் பெயர். பெயர் பொருத்தமா? இல்லை என்போம் நாம்!

பந்தயத்திலே கம்பம் நட்ட இடம் நட்ட இடம்தான். எந்தக் குதிரைக்காகவும் அது நகர்வதில்லை. தேர்தலிலோ கம்பமே கிடையாது! இத்தனை வாக்கு வாங்கினால்தான் வெற்றி என்ற எல்லை இல்லை. அடுத்தவரைவிட ஒரு வாக்கு கூடினால் போதும். நூறு பேர் வாக்களிக்கிறார்கள். ஒருவருக்கு 34, மற்ற இருவருக்கு 33, 33. வேறு ஆளைக் கேட்டவர்கள் 66 பேர். வென்றவரோ 34 வாக்குக்காரர்!

கற்பனைக் கணக்கல்ல இது. 2024-ல் பிரிட்டனின் தொழிற்கட்சி நூற்றுக்கு 34 வாக்குகூடப் பெறவில்லை. 650 இடங்களில் 411 அதன் கையில்! நம் மண்ணிலே, 1962-ல் நூற்றுக்கு 46 வாக்கோடு 206-ல் 139 இடங்களைப் பிடித்தது காங்கிரசு. 1967-ல் அது பெற்ற வாக்கு நூற்றுக்கு 41, தி.மு.கழகம் பெற்றது அதைவிடச் சற்றே குறைவு. இடங்களோ காங்கிரசுக்கு 51, கழகத்துக்கு 137!

மாயமா? மந்திரமா? இல்லை, தோழர்களே! 174 இடங்களில் மட்டும் கழகம் நின்றது. மற்றவற்றைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. வாக்கு சிதறவில்லை. சிதறும் வாக்கு, எதிரியின் காலடியிலே கம்பத்தைக் கொண்டுபோய் நட்டுவைக்கும் என்பதை மறவாதீர்!

பந்தயத்திலே இன்னொரு வழக்கமும் உண்டு. கம்பத்தைக் கடந்த ஜாக்கி உடனே பரிசை வாங்கிவிட முடியாது. சேணத்தோடு தராசிலே ஏற வேண்டும். எடை குறைந்தால் வெற்றி பறிபோகும்.

நாம் அனுப்பிய உறுப்பினரையும், அவர் நம்மவரே ஆனாலும், தராசிலே ஏற்றுவோம். வாக்களித்த 34 பேருக்கு என்ன செய்தீர் என்று மட்டுமல்ல, வாக்களிக்காத 66 பேருக்கு என்ன செய்தீர் என்றும் கேட்போம். எடை குறையாதவரே வென்றவர்!