பயணப் பை: டிக்கியில் 20 லிட்டர் கேன்... வேண்டவே வேண்டாம்!

பள்ளி விடுமுறை, குலதெய்வ வேண்டுதல், ஊர்த் திருவிழா... காரணம் எதுவாக இருந்தாலும் வண்டி கிளம்புவதற்கு முந்தைய இரவு எல்லா வீடுகளிலும் ஒரே காட்சிதான். புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் ரெடி. துணிப்பை ரெடி. சார்ஜர், மாத்திரை டப்பா, பவர் பேங்க் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. தண்ணீர் மட்டும் கடைசி நிமிடத்தில்தான் ஞாபகத்துக்கு வரும். பழைய கூல் டிரிங்க்ஸ் பாட்டில்களில் பிடித்து சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு, ‘மிச்சத்தை வழியில வாங்கிக்கலாம்’ என்று கிளம்பிவிடுகிறார்கள்.

ஒரு தலைமுறைக்கு முன்பு இப்படி இல்லை. ரயிலேறுகிற குடும்பம் என்றால் கையில் கட்டாயம் கூஜா இருக்கும். திருகு மூடி, தூக்கக் கைப்பிடி, கவிழ்ந்தாலும் சிந்தாத வாய். பயணத்துக்கென்றே யோசித்துச் செய்த பாத்திரம் அது. இன்று கடைகளில் நூறு வகை பாட்டில்கள் இருக்கின்றன. ஆனால், எது எந்தப் பயணத்துக்கு என்று பார்த்து வாங்குபவர்கள் குறைவு.

முதலில் ஒரு கணக்கு

எதில் கொண்டுபோவது என்பதற்கு முன், எவ்வளவு கொண்டுபோவது என்பதைப் பார்த்துவிடலாம்.

சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஐந்து பேர் காரில் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 560 கிலோமீட்டர். சாப்பாடு, டீ நேரங்களையும் சேர்த்தால் 12 மணி நேரம் ஆகிவிடும். வெயில் காலத்தில் ஆளுக்கு 2 லிட்டர் என்றால் குடிக்க மட்டும் 10 லிட்டர். கை கழுவ, குழந்தையின் முகம் துடைக்க, வாந்தி எடுத்தால் சுத்தம் செய்ய இன்னொரு 5 லிட்டர். ஆக மொத்தம் 15 லிட்டர். இதயம், சிறுநீரகப் பிரச்னைக்கு சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவுதான் கணக்கு.

இந்த 15 லிட்டரை ஒரே கேனில் அடைக்கக் கூடாது. ஆளுக்கொரு 1 லிட்டர் பாட்டில், அவற்றை மறுபடி நிரப்ப 5 லிட்டர் ஜக் ஒன்று, புழங்குவதற்குத் தனியாக 5 லிட்டர் கேன் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று ஒழுகினாலும் மற்றவை இருக்கும். குடிக்கிற தண்ணீரும் புழங்குகிற தண்ணீரும் கலக்காது. யாரும் கனமான எதையும் தூக்க வேண்டியிருக்காது.

“எனக்கு வேணாம்மா...”

“அத்தை, கொஞ்சம் தண்ணி குடிங்க. காலையிலேர்ந்து ஒரு வாய்கூட குடிக்கலை.”

“எனக்கு வேணாம்மா. அப்புறம் வண்டியை நிறுத்தச் சொல்லணும். புள்ளைங்களுக்குக் குடு.”

இந்தப் பேச்சு கேட்காத குடும்ப வண்டியே இருக்காது. வழியில் சுத்தமான கழிப்பறை கிடைக்குமா என்ற பயத்தில் தண்ணீரைத் தள்ளிப்போடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் வயதானவர்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் இப்படி நாள் முழுக்க நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தால் தலைசுற்றல், மயக்கம், சிறுநீர்த் தொற்று என்று ஊர் போய்ச் சேருவதற்குள் சிக்கல் ஆரம்பித்துவிடும்.

இதற்கு முதல் மருந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாரும் கேட்காமலேயே வண்டியை நிறுத்துவது. அடுத்தது அந்தப் புழங்கும் தண்ணீர்க் கேன். குழாயில் தண்ணீர் வராத கழிப்பறையாக இருந்தாலும் கையில் நம் தண்ணீர் இருக்கிறது என்ற தைரியமே பலரைக் குடிக்க வைக்கும். மூன்றாவது, அவர்களுக்குத் தருகிற பாட்டில். மூட்டுவலி உள்ள விரல்களால் இறுக்கமான மூடியைத் திருக முடியாது. கேட்கக் கூச்சப்பட்டு சும்மா இருந்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு வாங்கும்போது அவர்களையே கடைக்கு அழைத்துப்போய், அவர்கள் கையாலேயே திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள்.

எது நல்லது, எதற்கு நல்லது?

ஸ்டீல் பாட்டில்: ஆளுக்கொன்று என்றால் இதுதான் முதல் தேர்வு. அடியில் ‘304’ அல்லது ‘18/8’ என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். 18 சதவிகிதம் குரோமியம், 8 சதவிகிதம் நிக்கல் கலந்த, எளிதில் துருப்பிடிக்காத ரகம் அது. ‘காந்தம் ஒட்டலைன்னா நல்ல ஸ்டீல்’ என்று கடையில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது.

ஃபிளாஸ்க் பாட்டில்: இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்திருப்பதால் சூடும் குளிர்ச்சியும் நீடிக்கின்றன. வாங்கியதும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், உள்ளே வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். அதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்குப் பால் கலக்க வெந்நீர் வேண்டும் என்பதால் ஒன்றாவது அவசியம்.

குழாய் வைத்த வாட்டர் ஜக்: 5 முதல் 10 லிட்டர் வரை கொள்ளும், குளிர்ச்சி தாங்கும் ஜக் வேனுக்கும் பெரிய காருக்கும் பொருத்தம். ஜக்கைத் தூக்கிச் சாய்க்காமல் குழந்தைகளே பிடித்துக்கொள்ளலாம். இதன் பலவீனம் அந்தக் குழாய்தான். முதல் நாள் இரவே நிரப்பி, அடியில் நியூஸ் பேப்பர் விரித்து வைத்துவிடுங்கள். காலையில் பேப்பர் நனைந்திருந்தால் டிக்கியும் நனையும்.

சதுரக் கேன்: கைப்பிடி உள்ள, பக்கங்கள் தட்டையான கேன்கள் வண்டியில் உருளாது, இடத்தையும் அடைக்காது. கை உள்ளே போகிற அளவுக்கு வாய் அகலமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். குறுகிய வாய் உள்ள கேனைத் தேய்த்துக் கழுவவே முடியாது. பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண், அது என்ன வகை பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான் சொல்லும். 2, 5 ஆகிய எண்கள் உள்ள வகைகள் தண்ணீர்க் கேன்களுக்கு அதிகம் பயன்படுபவை. ஆனால், எண் இருந்தால் மட்டும் போதாது. உணவுப் பொருளுக்கு ஏற்றது என்று தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

மடக்குப் பை: காலியானதும் சுருட்டி வைத்துவிடலாம் என்பதால் பைக்கில் போகிறவர்களுக்கும் மலையேறுகிறவர்களுக்கும் வசதி. ஆனால் முள் குத்தினால் அவ்வளவுதான். உள்ளே முழுதாகக் காயவைப்பதும் கஷ்டம். இருக்கிற ஒரே பாத்திரமாக இதை நம்பிப் போக வேண்டாம்.

செம்பு பாட்டில்: தண்ணீருக்கு மட்டும். லெமன் ஜூஸ், மோர் போன்ற புளிப்பானவற்றை ஊற்றினால் செம்பு கரைந்து வயிற்றைப் புரட்டும்.

கேன் பறந்து வரும்

1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ எடை. வீட்டுக்குப் போடுகிற 20 லிட்டர் கேனை டிக்கியிலோ பின் சீட்டிலோ வைத்தால், 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பொருள் கட்டப்படாமல் நம் முதுகுக்குப் பின்னால் பயணிக்கிறது.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன் மீதாவது மோதி நின்றால், கேன் நிற்காது. அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் பாயும். 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய நான்காவது மாடியிலிருந்து, அந்தக் கேனைத் தலையில் போட்டால் என்ன வேகமோ அதே வேகம். டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவே உறுதியான தடுப்பு இல்லாத கார்களிலும், வேன்களிலும் இது பெரிய ஆபத்து.

அதனால் பெரிய கேன் வேண்டாம். சிறிய கேன்களையும் தரையில், சீட்டின் முதுகோடு ஒட்டி வைத்துக் கயிற்றாலோ பெல்ட்டாலோ கட்டுங்கள். பின்பக்கக் கண்ணாடி ஓரம் பாட்டில் வைக்காதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், டிரைவர் காலடியில் எந்த பாட்டிலும் இருக்கக் கூடாது. அது உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கினால், மிதித்தாலும் பிரேக் பிடிக்காது.

பழைய கேன் புதிய விஷம்

பழைய சாமான் கடைகளில் கைப்பிடி வைத்த கேன்கள் மலிவாகக் கிடைக்கும். அதில் முன்பு ஆசிட் இருந்ததா, பூச்சிமருந்து இருந்ததா, பெயின்ட் தின்னர் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. சில ரசாயனங்கள் பிளாஸ்டிக்கிலேயே ஊறிவிடும். பத்து முறை கழுவினாலும் போகாது. அப்படிப்பட்ட கேனைப் புழங்கும் தண்ணீருக்குக்கூட எடுக்கக் கூடாது. அதே தண்ணீரில்தான் குழந்தை வாய் கொப்பளிக்கும்.

இதை மாற்றிச் செய்தாலும் ஆபத்துதான். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல், கண்ணாடி துடைக்கிற திரவம், பேட்டரிக்கு ஊற்றுவது என்று எதையும் ஊற்றி வண்டியில் வைக்காதீர்கள். இருட்டில் தாகத்தோடு எழுந்திருக்கும் பிள்ளை, பாட்டிலைத்தான் பார்க்கும், உள்ளே இருப்பதைப் பார்க்காது.

மலைக்குப் போகிறீர்களா?

நீலகிரி மாவட்டத்திலும் கொடைக்கானலிலும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. சோதனைச் சாவடிகளில் வண்டியைப் பார்த்து பாட்டில்களை வாங்கி வைத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. 2024 மே மாதம் முதல் இந்த இரண்டு இடங்களுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டியிருப்பதால், அதை எடுக்கும்போதே பாட்டில் விதியையும் பார்த்துவிடுங்கள். நீலகிரியில் சாலையோரங்களில் தண்ணீர் ஏ.டி.எம் வைத்திருக்கிறார்கள். ஏதாவது ஒன்று இயங்காமலும் இருக்கலாம் என்பதால் அடிவாரத்திலேயே எல்லாப் பாத்திரங்களையும் நிரப்பிக்கொள்வது நல்லது.

மேலே கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஓடைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதென்றால், சமவெளியில் தளதளவென ஒரு நிமிடம் கொதித்தால் போதும். மலையில் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். ஆறவைத்த பிறகே பிளாஸ்டிக் கேனில் ஊற்ற வேண்டும்.

காரிலேயே கிடக்கும் பாட்டில்

வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காரின் உள்ளே, ஒரு மணி நேரத்தில் வெளியைவிட 20 டிகிரி வரைகூட வெப்பம் கூடிவிடும். சூடு ஏற ஏற பிளாஸ்டிக்கிலிருந்து தண்ணீரில் கலக்கும் பொருட்களும் கூடும். போன வாரம் வாங்கிப் பாதி குடித்துவிட்டு டோரில் செருகிய பாட்டிலை யாருக்கும் தராதீர்கள். செடிக்கு ஊற்றிவிடலாம்.

ஊர் திரும்பியதும் கேன்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உள்ளே விரல் வைத்தால் வழவழவென்று இருந்தால் கிருமிகள் படலம் கட்டத் தொடங்கிவிட்டன என்று பொருள். சமையல் சோடா போட்டு, பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தையும், உறிஞ்சுகுழல் இருந்தால் அதையும் தனியே கழற்றிக் கழுவுங்கள். கறுப்புப் பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான். நிழலில் கவிழ்த்து முழுதாகக் காயவைத்து, மூடியைத் திறந்தபடியே எடுத்து வையுங்கள்.

கடைக்குப் போகும்முன் கேட்டுக்கொள்ள ஐந்து கேள்விகள்

1. நிரம்பிய நிலையில் வீட்டில் எல்லோராலும் இதைத் தூக்க முடியுமா?

2. பாட்டி கையாலும் பேரன் கையாலும் மூடியைத் திறக்க வருமா?

3. உள்ளே கையை விட்டுக் கழுவ முடியுமா?

4. படுக்கவைத்தால் ஒழுகாமல் இருக்குமா, உருளாமல் நிற்குமா?

5. வண்டியில் இதைக் கட்டி வைக்க இடம் இருக்கிறதா?

ஐந்துக்கும் ‘ஆமாம்’ என்றால் தாராளமாக வாங்கலாம். விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை, பல வருடம் உழைக்கும். அப்புறம், முதல் பாட்டிலை அத்தையிடம் கொடுத்துவிட்டு, அடுத்த நல்ல கழிப்பறை எங்கே என்று போனில் பார்த்துச் சொல்லுங்கள். அவர் தயங்காமல் குடிப்பார்.