அட்டையில் எதற்கு வயது?

சிறுவர் நூல்களுக்கான புதிய பரிந்துரைப் பட்டியலைத் திருத்த வேண்டும் என்று ஆசிரியர்களும் நூலகர்களும் பதிப்பாளர்களும் இத்தனை நாள் முறையிட்டும், திரும்பப் பெறும் எண்ணம் இல்லை என்று நூலகங்களுக்கான நூல் தேர்வுக் குழு கைவிரித்துவிட்டது. எந்த நூல் சேர்ந்தது, எது விடுபட்டது என்ற சண்டை எல்லாப் பட்டியலுக்கும் உள்ளதுதான், அது கிடக்கட்டும். பட்டியலோடு வந்த உத்தரவைத்தான் நம்மால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு புத்தகத்தின் முன்னட்டையிலும் வயது அச்சிட்ட வில்லையை ஒட்ட வேண்டுமாம். அந்த வயதுப் பிள்ளைக்குத்தான் இரவல் தர வேண்டுமாம்.

இது நூலகத்துக்குள் என்ன செய்கிறது என்பதைப் போன வாரம் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் நேரில் பார்த்தோம். ஏழாம் வகுப்புச் சீருடையில் ஒரு பெண், சிறுவர் அலமாரியின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து யானைப் படம் போட்ட ஒல்லியான புத்தகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக்கு இரண்டே வரி. ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரல் நகர்ந்தது, உதடு அசைந்தது. மூன்றாவது பக்கத்தில் ஒரு நீளமான சொல்லை எழுத்துக் கூட்டி முடித்துவிட்டுத் தானாகச் சிரித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பொடியன் ஒருவன் குனிந்து அட்டையைப் பார்த்து, "அக்கா, இது அஞ்சு வயசுப் பாப்பா படிக்கிறது" என்றான். யானையின் காதுமேலேயே ஒட்டியிருந்தது அந்த மஞ்சள் வில்லை. அவள் எதுவும் சொல்லவில்லை. புத்தகத்தை அலமாரியில் செருகிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நூலகர் எழுந்து வந்து வில்லையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். யானையின் காதும் சேர்ந்து உரிந்து வந்தது.

குழுவினர் இந்தப் பெண்ணை ஒருமுறையாவது நினைத்துப் பார்த்தார்களா? கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த 2020, 2021ஆம் ஆண்டுகளில் எழுத்துப் பழக வேண்டிய வயதில் இருந்த பிள்ளைகள் பிறகு வகுப்பு வகுப்பாக ஏற்றிவிடப்பட்டார்கள். வயது ஏறியது, வகுப்பு ஏறியது, வாசிப்பு அதே வேகத்தில் ஏறவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை தானாக ஒரு நூலகத்துக்குள் நுழைந்து, தன்னால் முடிகிற புத்தகத்தைத் தானே தேடி எடுப்பது எவ்வளவு பெரிய காரியம்! அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தத் துணிச்சலை ஒரு காகிதத் துண்டு நாலு பேர் முன்னால் அவமானமாக்கிவிடுகிறது. வகுப்பில் வாசிக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியவள், நூலகத்திலும் அதே பெயரை வாங்க வேண்டுமா?

இதற்கு மாற்று தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்புத் திறனை வைத்துத்தான் பிரித்தது. எத்தனை கனிவான சொற்கள் அவை! பன்னிரண்டு வயதுப் பிள்ளை 'நட' என்ற புத்தகத்தைக் கையில் வைத்திருந்தால் அதில் கேலி செய்ய எதுவும் இல்லை. நடக்கிறவர் நாளை ஓடலாம். வயது அப்படி இல்லை. அதை யாராலும் முயன்று மாற்ற முடியாது.

முந்தி ஓடுகிற பிள்ளைக்கும் இதே கதிதான். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நூல். குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைக் குழந்தைக்குப் புரியும்படி பேசுகிறது. அதன்மேல் எந்த வயதை ஒட்டுவார்கள்? பெரிய பிள்ளைகளுக்கு என்று ஒட்டினால், அதை வாசித்தே ஆகவேண்டிய எட்டு வயதுப் பெண்ணுக்கு யார் கொடுப்பது? கீழடியைக் கதைக்களமாக்கிய உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'யை ஒன்பது வயதில் விழுங்கிவிடுகிற பையனும் இருக்கிறான். பதினான்கில் தொடுகிறவனும் இருக்கிறான். ஒன்றாம் வகுப்புச் சிறுமியின் கதையான 'டோட்டோ-சான்' தமிழில் வந்ததிலிருந்து அதை அதிகம் கொண்டாடியவர்கள் ஆசிரியர்கள். அதற்கு என்ன நிறத்தில் வில்லை?

பெற்றோருக்கு வழிகாட்டல் வேண்டாமா என்கிறார்கள். வேண்டும். எந்தப் புத்தகம் யாருக்கு ஒத்துவரும் என்று சொல்லத்தான் பரிந்துரைப் பட்டியலே. பெரியவர்கள் கையில் இருக்க வேண்டிய அந்தக் குறிப்பைப் பிள்ளையின் கண்முன்னே அட்டையில் ஒட்டுவதுதான் தவறு. 2008இல் பிரிட்டன் பதிப்பகங்கள் வாங்குவோருக்கு வசதி என்று சொல்லி அட்டையில் வயதை அச்சிடக் கிளம்பியபோது, பிலிப் புல்மன் முதலாக நூற்றுக்கணக்கான எழுத்தாளர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். மெதுவாக வாசிக்கும் பிள்ளை கூனிக்குறுகும் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. இங்கே அதைக்கூட யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

எப்படிப் பார்ப்பார்கள்? இதே ஆட்கள்தானே இதற்கு முன்பும் முடிவெடுத்தார்கள்! படக்கதை நூலுக்கும் பாரக் கணக்கில்தான் விலை என்று பிடிவாதம் பிடித்தவர்கள் இவர்கள். பதினாறு பக்கம் ஒரு பாரம். பக்கம் முழுக்க வண்ண ஓவியம் தீட்டிய இருபத்து நான்கு பக்கப் புத்தகத்துக்கு ஒன்றரைப் பாரத்துக் காசு. அச்சுக்கூலிக்கே கட்டாது என்று பதிப்பாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நல்ல ஓவியங்களோடு வந்த நூல்கள் ஒதுங்கிக்கொள்ள, சாணித்தாளில் அச்சடித்த நீதிக்கதைகளும் பொது அறிவு வினா விடைகளும் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. புதிய நூல்கள் என்ற தலைப்பில் தெனாலிராமனையும் பஞ்சதந்திரத்தையும் புது அட்டை போட்டு மறுபடி மறுபடி வாங்கியதும் நடந்தது. வாங்கியதாவது பிள்ளைகள் கைக்குப் போனதா? தொலைந்தால் தலைமை ஆசிரியரே பொறுப்பு என்று சுற்றறிக்கை அனுப்பினார்கள். அவர் என்ன செய்வார்? பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஆய்வுக்கு ஆள் வரும் அன்று மட்டும் திறந்த பீரோக்கள் எத்தனை! புத்தகத்தை எண்ணத் தெரிந்த இவர்களுக்கு வாசிக்கிறவர்கள் கண்ணில் தெரிவதே இல்லை. அன்று பூட்டைப் போட்டார்கள், இன்று வில்லையை ஒட்டுகிறார்கள். தமிழில் சிறுவர்களுக்கு எழுத அருமையான ஒரு தலைமுறை முன்வந்திருக்கும் நேரத்தில், இவர்கள் கையிலா அந்தப் புத்தகங்கள் சிக்க வேண்டும்?

அடுத்த கட்டு நூல்கள் கிளை நூலகங்களுக்குக் கிளம்ப இருக்கின்றன. அதற்குள் வில்லை ஒட்டும் வேலையை நிறுத்துங்கள். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசுங்கள். ஏற்கெனவே ஒட்டியவற்றை, படம் உரியாமல் எடுக்க வழி இருந்தால், எடுத்துவிடுங்கள்.